மூலத்துக்கு எதுகை நிர்மூலம்

“பேரு… நட்சத்திரம்?”

அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டே குருக்கள் கேட்டார். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் அன்று தேய்பிறை அஷ்டமி. சாம்பல் பூசணியில் ஏற்றிய விளக்குகளின் புகை கண்ணைக் கரித்தது. அக்கா தன் பேரைச் சொன்னாள். பிறகு ஒரு நொடி நின்றாள். பக்கத்தில் அவளுடைய மாமியார் கைகூப்பி நின்றிருந்தார்.

“கேட்டை” என்றாள் அக்கா.

அந்த ஒரு நொடியை அங்கே நான் மட்டும்தான் கவனித்திருப்பேன். அக்காவின் நட்சத்திரம் கேட்டை இல்லை, மூலம். அதைக் கேட்டை என்று கம்ப்யூட்டரில் தட்டியவன் நான்.

27 நட்சத்திரங்களும் 12 ராசிகளும் அந்தப் பைரவரின் உடம்பிலேயே அடக்கம் என்பது அங்கே வருகிறவர்களின் நம்பிக்கை. அப்படியானால் நட்சத்திரத்தை மாற்றிச் சொல்லக் கூடாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று உண்டென்றால் அது அந்தச் சந்நிதிதான். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று எனக்கு வியர்த்தது. நான் நம்பாத ஒன்றைப் பற்றி நானே சொன்ன ஒரு பொய் என்னை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியோடு நான் சில வருடங்களாக இருக்கிறேன்.

*

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது அவளுக்கு 23 வயது. எம்.எஸ்சி. கணிதம். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் தக்காளி, கொஞ்சம் ராகி. முதல் மூன்று வரன்களும் ஜாதகம் கைமாறியதோடு சரி. நாலாவது வீட்டில் காபி வரைக்கும் வந்தது. பிறகு தரகர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, “பொண்ணு மூலம்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்களா” என்றார். ஏதோ நோயை மறைத்த மாதிரி. தமிழில் மூலம் என்று ஒரு நோயும் இருப்பதால் நானும் அக்காவும் அன்று ராத்திரி அதை வைத்துச் சிரித்தோம். அக்கா கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று சொல்ல மாட்டேன், அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் அதன்பிறகு அந்த ஜோக்கை நாங்கள் சொல்லவில்லை.

மூல நட்சத்திரப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது. இதைத் தெரியாத வீடு எங்கள் பக்கம் இல்லை. இதற்குப் பரிகாரமும் தயாராக இருக்கிறது: அப்பா இல்லாத பையனாகப் பார்ப்பது. தரகர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். “மொரப்பூர்ல ஒரு பையன் இருக்கான். நல்ல பையன். அப்பா இல்ல.” குரலில் ஒரு சந்தோஷம். ஒரு மனிதன் செத்துப்போனது இன்னொரு குடும்பத்துக்குத் தகுதியாக மாறுவதை நான் அன்றுதான் பார்த்தேன். திருமண விளம்பரங்களை உற்றுப் பார்த்தால் நீங்களும் பார்க்கலாம். ‘மூலம், தந்தை இல்லாத வரன் தேவை.’

மூன்று வருடம் போனது. அக்காவுக்கு 26. அப்போதுதான் அப்பா அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார். அக்கா பிறந்தது விடியற்காலை 3.40. பஞ்சாங்கப்படி கேட்டை முடிந்து மூலம் தொடங்கி 50 நிமிஷம்தான் ஆகியிருந்தது. “ஆஸ்பத்திரி கடியாரம் சரியா ஓடுச்சுன்னு எவன் கண்டான்?” என்றார் அப்பா. கேட்டையும் உத்தமமில்லை. கேட்டைப் பெண் வந்தால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாதாம். ஒரு நாள் பின்னால் தள்ளலாம் என்றால் பூராடம். அது தாலிக்கே ஆகாதாம். எப்படித் திரும்பினாலும் ஒரு ஆண் செத்துக்கொண்டிருந்தான். கடைசியில் கேட்டை என்று முடிவானது. தலைச்சன் பிள்ளையாகப் பார்த்தால் போதும், சாகடிக்க அண்ணன் இருக்க மாட்டான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் ஜாதகக் கடை. கடைக்காரர் சாப்பிடப் போயிருந்த நேரம், அவருடைய பையன் என் கிளாஸ்மேட். நான்தான் உட்கார்ந்து 3.40 என்பதை 2.40 ஆக்கினேன். ஒரே ஒரு எண். தனுசு விருச்சிகம் ஆனது. லக்னம் நகர்ந்தது. 40 ரூபாய்க்கு அக்கா வேறொரு ஆள் ஆனாள்.

பென்னாகரம் பக்கம் வரன் அமைந்தது. மல்பெரித் தோட்டம், பட்டுப்புழு வளர்ப்பு. மாப்பிள்ளை மூத்தவர். மாமனார் நல்ல ஆரோக்கியமாக, வெற்றிலைச் சிரிப்போடு இருந்தார்.

*

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே வேலை, இந்தப் பழமொழிகளைச் சேகரித்துக் கோபப்படுவது. அப்படிச் சேகரித்தபோது ஒன்று கண்ணில் பட்டது.

பரணி தரணி ஆளும். மகம் ஜகத்தை ஆளும். பூராடம் நூலாடாது. அவிட்டத்தில் பிறந்தால் தவிட்டுப் பானையிலும் பணம். கேட்டை, மூட்டை, செவ்வாய்க்கிழமை. ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பரணிக்குத் தரணி. மகத்துக்கு ஜகம். அவிட்டத்துக்குத் தவிடு. மூலத்துக்கு நிர்மூலம். வானத்தைப் பார்த்து யாரும் இவற்றைக் கண்டுபிடிக்கவில்லை. ஓசையைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பரணிக்கு எதுகையாகத் தரணி என்ற சொல் தமிழில் புழங்காமல் இருந்திருந்தால் பரணிக்காரர்கள் எதை ஆண்டிருப்பார்கள்? மூலம் என்றால் வேர். நிர்மூலம் என்றால் வேரறுந்தது. பெயரிலேயே அழிவுக்கான சொல் தயாராக இருந்தது என்பதுதான் அந்த நட்சத்திரம் செய்த குற்றம். எல்லா நம்பிக்கையும் எதுகையில் பிறந்தது என்று சொல்ல மாட்டேன். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பதில் எந்த ஓசை நயமும் இல்லை. ஆனால் எதுகை உள்ளவைதான் திண்ணையிலிருந்து திண்ணைக்குத் தாவின. நாக்கில் உருளுவது நினைவில் நிற்கிறது, நினைவில் நிற்பது உண்மை மாதிரித் தோன்றுகிறது.

அந்தப் பழமொழியே தப்பு என்கிற ஜோதிடர்களும் இருக்கிறார்கள். அது ‘ஆண் மூலம்’ இல்லை, ‘ஆனி மூலம்’. ‘பெண் மூலம்’ இல்லை, ‘பின் மூலம்’ என்பார்கள். அதாவது ஆனி மாதத்து மூலத்தில் பிறந்தால் அரசாளலாம், நட்சத்திரத்தின் பின் பாதத்தில் பிறந்தால் கஷ்டம். இந்த விளக்கம் சரியென்றால் இன்னும் பயங்கரம். ‘பின்’ ஒரு வாயில் ‘பெண்’ ஆனதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் காத்திருந்திருக்கிறார்கள்.

இரண்டில் எது மூலபாடம் என்பதை விடுங்கள். ஊர் எந்தப் பாடத்தைத் தேர்ந்துகொண்டது என்பதுதான் விஷயம். ஒரே நேரத்தில் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைக் குழந்தைகளில் பையன் அரசாளுவான், பெண் வேரறுப்பாள் என்றால், அங்கே தீர்ப்பு நட்சத்திரத்தின் மீது சொல்லப்படவில்லை. எங்கள் மாவட்டத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. அதே 2001 கணக்கெடுப்பில் இங்கே ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 900-ஐத் தொடவில்லை. பெண்ணாகப் பிறப்பதே ஒரு நட்சத்திரமாக இருந்த ஊர் இது.

கணக்கு எம்.எஸ்சி. என்பதால் அக்காவிடம் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன். 2011-ல் தமிழ்நாட்டில் பெண்கள் சுமார் 3 கோடியே 60 லட்சம். 27-ஆல் வகுத்தால் மூல நட்சத்திரப் பெண்கள் ஏறக்குறைய 13 லட்சம். இத்தனை லட்சம் பேர் போகிற வீட்டிலெல்லாம் மாமனார்கள் விழுந்துகொண்டிருந்தால் அது ஊருக்குத் தெரியாமலா இருக்கும்? அக்கா கேட்டுவிட்டுச் சொன்னாள்: “டேய், கணக்கு எனக்குத் தெரியும்டா.”

*

கோபம் கொஞ்சம் ஆறியபிறகு வேறொரு கேள்வி வந்தது. நட்சத்திரம் எப்போது மனிதர்களின் மேல் ஏறி உட்கார்ந்தது?

பழைய தமிழில் விண்மீன்களுக்கு இரண்டு வகை. நாள்மீன், கோள்மீன். நாள்மீன் என்பவை அசுவினி முதல் ரேவதி வரையிலான 27. கோள்மீன் என்பவை செவ்வாய், வெள்ளி போன்றவை. ‘மீன்’ என்பது மின்னுவது. சிந்துவெளி முத்திரைகளில் திரும்பத் திரும்ப வரும் மீன் குறியை விண்மீன் என்று படிக்கலாம் என்று ஹிராஸ் பாதிரியார் சொன்னதும், அதை அஸ்கோ பர்ப்போலா விரித்ததும் இந்தச் சொல்லை வைத்துத்தான். நிரூபிக்கப்படாத வாசிப்புதான். ஆனாலும் வானத்தில் நீந்துகிற மீன் என்ற நினைப்பு அழகாக இருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது ‘நாள்’ என்ற முன்பாதி. நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் கொஞ்சமும் ஆகிறது. ஒவ்வொரு ராத்திரியும் அது எந்த மீனின் பக்கத்தில் தங்குகிறதோ அது அன்றைய நாள்மீன். ஒரு நாள்மீனின் எல்லை 13 பாகை 20 கலை, கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம். அவ்வளவுதான். அது காலண்டர். எழுத்தும் கடிகாரமும் இல்லாத உழவனும் ஆடு மேய்ப்பவனும் அண்ணாந்து பார்த்துத் தேதி தெரிந்துகொண்ட காலண்டர். மலையாளத்தில் இன்னும் பிறந்த நட்சத்திரத்தை ‘நாள்’ என்றே கேட்கிறார்கள்.

அகநானூற்றில் 86, 136 ஆகிய பாடல்களில் பழைய தமிழ்க் கல்யாணங்கள் வருகின்றன. பந்தல், மணல், விளக்கு, உளுந்து போட்ட சோறு எல்லாம் இருக்கிறது. நிலா உரோகிணியைச் சேரும் நல்ல நாள் பார்க்கிறார்கள். ஆனால் பெண்ணின் நட்சத்திரம் என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நட்சத்திரம் கல்யாணத்துக்கு இருந்தது, கல்யாணப் பெண்ணுக்கு இல்லை. சங்க காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. புறநானூறு 229-ல் கூடலூர் கிழார் ஒரு விண்மீன் விழுவதைப் பார்த்து நடுங்குகிறார், ஏழாம் நாள் சேர மன்னன் இறந்துபோகிறான். பயம் அப்போதும் இருந்தது. ஆனால் அது வானத்தில் விழுந்த மீனைப் பற்றிய பயம். வீட்டுக்கு வந்த மருமகளைப் பற்றிய பயமில்லை.

நாளின் பெயராக இருந்தது ஆளின் பெயராக ஆகிவிட்டது. பாருங்கள், நானும் எதுகை போடுகிறேன்.

ஆனால் இது வெறும் எதுகை இல்லை என்று நினைக்கிறேன். ‘இன்று மூலம்’ என்பது வானத்தைப் பற்றிய ஒரு செய்தி. சரியா தப்பா என்று வெளியே போய்ப் பார்க்கலாம், நாளைக்கு அது மாறிவிடும். ‘இவள் மூலம்’ என்பது மாறாது. பார்க்கவும் முடியாது. நாம் நட்சத்திரத்தைப் பார்த்த காலம் போய், நட்சத்திரத்தின் வழியாக நம்மை மற்றவர்கள் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

அந்தச் சொல் இன்றைக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. 1978-ல் ‘பைரவி’ படத்தை வெளியிட்டபோது கலைப்புலி தாணு ரஜினிகாந்துக்கு ‘சூப்பர் ஸ்டார்’ என்று போட்டார். அவருடைய மூதாதையர் ஊர் என்று சொல்லப்படும் நாச்சிக்குப்பம், 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும்வரை எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தச் சொல் ஒருவரை எங்கே கொண்டுபோய் வைத்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும், பக்கத்தில் போய்க் கேள்வி கேட்க முடியாது. இன்னொரு பக்கம், என் பெரியப்பா பையன் பெங்களூரில் கால் டாக்ஸி ஓட்டுகிறான். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வேலை கொடுப்பது பெங்களூர்தான். அவன் நட்சத்திரம் 4.6. ஒவ்வொரு சவாரி முடிந்ததும், “சார், அஞ்சு ஸ்டார் போட்டுருங்க சார்” என்பான். ஒருநாள் ஏசி போடவில்லை என்று யாரோ ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டார்கள். அவன் போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு அக்கா ஞாபகம்தான் வந்தது. யார், எப்போது, எதற்காக வைத்தார்கள் என்று தெரியாத ஒரு நட்சத்திரம். அதைச் சுமந்துகொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் பேரழிவுக்கான ‘டிசாஸ்டர்’ என்ற சொல்லுக்குள்ளும் ஒரு கெட்ட நட்சத்திரம் இருக்கிறது. எல்லா ஊரிலும் பழியைப் போட வானம் வசதியான இடம். திரும்பிக் கேட்காது.

*

கல்யாணமாகிப் பதினான்காவது மாதம் அக்காவின் மாமனார் இறந்துபோனார்.

அவருக்குச் சர்க்கரை 20 வருடமாக இருந்தது, மாத்திரை ஒழுங்காகப் போடமாட்டார். மல்பெரித் தழை வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தருமபுரி கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. சாவு வீட்டில் யாரும் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கேட்டைதானே. “பாவம், மருமகளைப் பெத்த பொண்ணா வெச்சிருந்தாரு” என்றுதான் அழுதார்கள்.

நான் அன்று பந்தலில் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன். எங்கள் பொய்யை நினைத்து நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். உண்மையைச் சொல்லிக் கல்யாணம் நடந்திருந்தால் இன்றைக்கு இந்த ஊர் அக்காவை என்ன செய்திருக்கும்! நல்லவேளை, அந்த ஒரு எண்ணை மாற்றினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு மொட்டை மாடியில் என்னிடம் கேட்டாள்.

“தம்பி, அம்பது நிமிஷம்னா நெஜமாவே அம்பது நிமிஷம்தானா? கேட்டையா இருக்கவே முடியாதா?”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேச்சு வரவில்லை.

“அக்கா, அவருக்கு சுகர்க்கா. நீ மேத்ஸ் படிச்சவ.”

“தெரியும்டா. எல்லாம் தெரியும். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா மட்டும் தெரிய மாட்டேங்குது.”

திருக்குறளில் வாய்மை அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குறள்கள் உண்டு. ஒன்று, குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யையும் உண்மையின் வரிசையில் வைக்கலாம் என்ற பொருளில். நாங்கள் பொய் சொன்னபோது அப்பா அதைத்தான் சொன்னார். அதற்கு அடுத்த குறளை அவர் சொல்லவில்லை. நெஞ்சறியப் பொய் சொன்னால் அந்த நெஞ்சே சுடும் என்பது அது. பள்ளிக்கூடத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்திருக்கிறேன். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு வீடே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுட்டது, பொய் சொன்ன என் நெஞ்சை இல்லை. அக்காவின் நெஞ்சை.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1797-ல் ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் வாசலில் வந்து, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்றார். கல்லூரியில் இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். இன்றும் எனக்கு அதில் உடன்பாடில்லை. வாசலில் நிற்பவன் கையில் கத்தி இருந்தால் நான் பொய்தான் சொல்வேன். பழமொழியும் ஒரு கத்திதான். அதனால் மாமனாரிடம் சொன்ன பொய்க்காக மட்டும் என்றால் நான் இவ்வளவு தவிக்க மாட்டேன். அவருக்கும் நாங்கள் அநியாயம் செய்தோம், அதை மறைக்கவில்லை. மூடநம்பிக்கையாகவே இருந்தாலும் அது அவருடைய வீடு, அவருடைய முடிவு. அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். வெற்றிலைச் சிரிப்போடு ஏமாந்த அந்த மனுஷனின் முகம் எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் பெரிய பொய் அவரிடம் சொன்னதில்லை. ஜாதகத்தை மாற்றுவது என்று அப்பாவும் நானும் அம்மாவும் முடிவு செய்தோம். அக்காவைக் கேட்கவில்லை. மாற்றியபிறகு காகிதத்தைக் காட்டி, “இனிமே யாராவது கேட்டா கேட்டைன்னு சொல்லணும் கண்ணு” என்று அம்மா சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் நாங்கள் அவளிடம் என்ன சொன்னோம்? ‘உன்னிடம் மறைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது.’ நாங்கள் நம்பவில்லை என்று ஆயிரம் முறை சொன்னோம். ஆனால் நம்பாத ஒன்றை யாராவது இவ்வளவு கஷ்டப்பட்டு மறைப்பார்களா? பழமொழி வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அதை வீட்டுக்குள் கூட்டிவந்து, அவளுக்குள் வைத்துப் பூட்டினோம். நாங்கள் பழமொழியை உடைக்கவில்லை. அது தொங்குகிற வாசலில் குனிந்து உள்ளே போனோம்.

வெளிப்படையாகச் சொல்லி, அப்படியும் ஏற்றுக்கொள்கிற ஒருவர் கிடைக்கும்வரை காத்திருந்திருக்கலாம். கிடைத்திருப்பாரா? தெரியாது. கிடைத்து, அங்கேயும் மாமனார் இறந்திருந்தால்? ஊர் அவளைக் கிழித்திருக்கும். அப்போது நாங்கள் அவள் பக்கத்தில் நின்று, “இல்லை” என்று சத்தமாகச் சொல்லியிருக்கலாம். இப்போது யாரும் எதுவும் சொல்லாததால், எதை மறுத்து எங்கே நிற்பது? பொய் அவளை ஊரிடமிருந்து காப்பாற்றியது. அதே பொய்தான் ராத்திரி மூன்று மணிக்கு அவளைத் தனியாக விட்டது.

உண்மை சொல்லியிருந்தால் நல்லது நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்வதற்கு நான் பெண்ணாக, மூலத்தில், 26 வயதில் காத்திருந்திருக்க வேண்டும். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: அவளைக் கேட்டிருக்க வேண்டும்.

*

அடுத்த மே மாதம் அக்காவைக் காவலூருக்குக் கூட்டிப்போனேன். ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் தாண்டி ஆலங்காயம் பக்கம் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது, இந்தியாவிலேயே செய்தது. சனிக்கிழமை பொதுமக்களை விடுகிறார்கள். வாசலில் நோட்டில் பேர், ஊர் எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, “நட்சத்திரம் கேக்கல” என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சேர்ந்து சிரித்தோம்.

வீட்டுக்குத் திரும்பும்போது பின்னிரவு ஆகிவிட்டது. மாடிக்குக் கூட்டிப்போய்த் தெற்கே காட்டினேன். தேள் மாதிரி வளைந்த ஒரு கூட்டம். அதன் கொடுக்கில் நெருங்கி இரண்டு மீன்கள். அந்த வால் பகுதிதான் மூலம். அதில் பிரகாசமானது ஒற்றை நட்சத்திரமில்லை, ஒன்றையொன்று சுற்றும் மூன்று நட்சத்திரங்கள். இன்றைக்கு நம் கண்ணில் படுகிற அதன் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி 500 வருடத்துக்கு மேல் ஆகிறது. அக்காவின் மாமனார் பிறப்பதற்கும், அவருடைய பாட்டனாரின் பாட்டனார் பிறப்பதற்கும் முன்னால் கிளம்பிய வெளிச்சம்.

நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவ்வளோ சின்னதா இருக்கு” என்றாள். பிறகு, “அழகாத்தான்டா இருக்கு.”

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. அப்படி ஆகவில்லை. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. அத்தானிடம் ஒருநாள் அக்காவே சொல்லிவிட்டாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினார். அந்த இரண்டு நாளில் அவர் எதை யோசித்தார் என்று அக்கா கேட்கவில்லை. கோயிலில் குருக்கள் கேட்டால் இப்போது, “சாமி பேருக்கே பண்ணிடுங்க” என்கிறாள். அது உண்மையா, தப்பித்தலா என்று நான் கேட்கவில்லை. இந்த முறை அவளே முடிவு செய்திருக்கிறாள் என்பது எனக்குப் போதும்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த பெரியம்மா ஒருவர், தொட்டிலை எட்டிப் பார்த்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“கொழந்த என்ன நட்சத்திரம்?”

நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு நொடி நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை.

“செவ்வாக்கெழம பெரியம்மா” என்றாள். “காலைல அஞ்சு மணி. வெளிய நல்ல மழை.”